ஒத்திகை இல்லாத மேடை: மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளின் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடைபெறும் இசை நாடகத்தை முதன்முறையாகப் பார்க்க வருபவர்களும், அதைத் தம் ஊருக்கு அழைக்க நினைக்கும் விழாக்குழுவினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பாட்டும் சிரிப்பும் மேடையிலேயே, அந்த நேரத்திலேயே உருவாகும் பகுதிகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கதைச் சுருக்கம் தேடுபவர்களுக்கு ஊர்ப் பெரியவர்களே போதும்.

ஸ்பெஷல் நாடகம் என்பது எது?

ஒரே குழுவாகச் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து பயின்று நடிக்கும் கம்பெனி நாடகம் ஒரு காலத்தில் இருந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்ற ஒன்றே கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் நடிகர் மதுரையிலிருந்து வருவார், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் நடிகை புதுக்கோட்டையிலிருந்து வருவார், நகைச்சுவை நடிகரான பபூன் திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் வந்து இறங்குவார். ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள். மறுநாள் இரவு அவரவர் வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்களுடன் மேடையில் இருப்பார்கள். இயக்குநர் இல்லை. ஒத்திகை இல்லை. ஒப்பனைக்கு அமரும்போதுதான் இன்று தன்னோடு நடிப்பவர் யார் என்பதைச் சிலர் நேரில் காண்கிறார்கள்.

ஒத்திகை இல்லாமல் விடியும்வரை எப்படி நடத்த முடிகிறது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கூட்டாக ஒத்திகை நடப்பதில்லையே தவிர, ஒவ்வொருவரும் தம் பங்கைப் பல ஆண்டுகளாகப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ போன்ற நாடகங்களின் பாடல்கள் ராகத்தோடும் தாளத்தோடும் எல்லோருக்கும் பொதுவான சொத்தாக இருக்கின்றன. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி, எந்தப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எது, எந்த இடத்தில் விருத்தம் பாடித் தாளத்தை நிறுத்தலாம் என்பவையும் அப்படியே. ஆகவே ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர், திரைக்குப் பின்னால் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டாலே போதுமானதாகிறது: என்ன கட்டையில் (சுருதியில்) பாடுவது, எந்தப் பாடலை விட்டுவிடுவது, தர்க்கம் எனப்படும் வாதக் காட்சியை எவ்வளவு நேரம் நீட்டுவது. அவ்வளவுதான் முன்னேற்பாடு.

பாடல்கள் நிலையானவை, அவற்றுக்கு இடையே வரும் வசனம் நடிகருடைய பொறுப்பு. அந்த வசனத்தில்தான் அன்றைய ஊரும், அன்றைய செய்தியும், எதிரே அமர்ந்திருப்பவர்களின் மனநிலையும் உள்ளே வருகின்றன. பாடல் உறுதியாக இருப்பதனால்தான் வசனம் துணிந்து எங்கும் அலைய முடிகிறது. வழி தவறினால் அடுத்த பல்லவியைப் பிடித்துக்கொண்டு கதைக்குத் திரும்பிவிடலாம். மனப்பாடமும் கற்பனையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எண்ணுபவர்கள் ஓர் இரவு முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் இத்தகைய சுதந்திரத்தை விரும்பினாரா?

பெரிதாக விரும்பவில்லை என்றே கொள்ள வேண்டும். தேர்ந்த நடிகர்கள் எழுதிய வசனத்தை விட்டுவிட்டு மனம்போனபடி பேசியது அவருக்கு உவப்பாக இல்லை என்பதும், கட்டுப்பாட்டோடு பயிற்றுவிக்கத்தக்க சிறுவர் குழுக்களின் பக்கம் அவர் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் நாடக வரலாற்றில் பேசப்படுபவை. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான், பின்னாளில் நாடகத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட அந்தச் சிறுவர் குழுக்கள் மறைந்துவிட்டன. அவர் ஐயத்தோடு பார்த்த ஸ்பெஷல் நாடகமோ அவருடைய பாடல்களைக் கொண்டே இன்றும் நடக்கிறது.

ஓர் இரவின் வரிசை என்ன?

இரவு பத்து மணியளவில் பக்கவாத்தியக்காரர்கள் மேடையேறித் துதிப்பாடல் இசைப்பார்கள். அதன்பின் பபூன் வருவார்; பிறகு டான்ஸ் என்று நோட்டீஸில் குறிக்கப்படும் நகைச்சுவை நடிகை வருவார். இவர்கள் இருவருடைய பங்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போகும். கதை தொடங்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். சிரிப்பு முடிந்ததும் எழுந்து போகிறவர்கள் உண்டு. கதைக்காகவே பாயைச் சுருட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வரும் முதியவர்களும் உண்டு.

பபூன் மேடையில் என்ன செய்கிறார்? அவர் வெறும் கோமாளியா?

கோமாளி என்று ஒதுக்கினால் அவருடைய வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பபூனுக்குக் குரல் வேண்டும், தாளம் வேண்டும், ஆட்டம் வேண்டும், அதற்கு மேல் நாக்கில் கூர்மை வேண்டும். அவர் பாட்டோடுதான் வருகிறார். கேட்டுப் பழகிய சினிமா மெட்டு ஒன்றை எடுத்து, முதல் இரண்டு அடிகளை நேர்மையாகப் பாடி, மூன்றாம் அடியில் சொல்லை மாற்றிப் போடுவார். மெட்டு மாறாமல் பொருள் மட்டும் கவிழும்போது கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாளத்தின் எடுப்பில் மீண்டும் சரியாக வந்து விழ வேண்டும். ஓர் அட்சரம் பிந்தினாலும் சிரிப்பு கெட்டுவிடும், பாட்டும் கெட்டுவிடும்.

பாட்டை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்கும்போது அவர் பெரும்பாலும் பார்வையாளரை நோக்கி நேரே பேசுவதில்லை. ஆர்மோனியக்காரரிடமோ மிருதங்கக்காரரிடமோ பேசுவதுபோலப் பேசுவார். ஊர் அதை ஒட்டுக்கேட்கும். இந்த ஏற்பாடு மிகவும் நுட்பமானது. ஊராரை முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்தால் சண்டை வரும். இன்னொருவரிடம் சொல்லும் புகாராக அதையே வைத்தால் ஊராரே முதலில் சிரிப்பார்கள். எடுத்துக்காட்டாக, பேச்சு இப்படிப் போகலாம்:

“அண்ணே, போன மாசம் இந்த ஊருக்குத்தான் பொண்ணு பாக்க வந்தேன்.”
“சரி.”
“ரோடு எங்க இருக்குன்னு கேட்டேன்.”
“என்ன சொன்னாய்ங்க?”
“நீ நிக்கிற பள்ளந்தான் ரோடுன்னாய்ங்க.”

இந்த ஐந்து வரியில் எதுவும் எழுதி வைக்கப்பட்டதன்று. ‘பொண்ணு பார்க்க வந்தேன்’ என்ற தொடக்கம் பபூனுடைய பழைய கையிருப்பு. பள்ளம், மாலையில் அவர் வந்த வழியில் பேருந்து குலுங்கியபோது கிடைத்தது. நல்ல பபூன்கள் ஊருக்குள் நுழையும்போதே தேநீர்க் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியின் நிலை, கண்மாய்க் கரையில் நடந்த தகராறு, நோட்டீஸில் பெயர் விட்டுப்போன பெரியவரின் கோபம் எல்லாம் இரவு பதினொரு மணிக்குள் மேடைக்கு வந்துவிடும். பெயர் மட்டும் வராது. யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிய வேண்டும், ஆனால் யாரையும் சொன்னதாக இருக்கக்கூடாது.

பபூனும் டான்ஸும் சேரும் காட்சியில் என்ன நடக்கும்?

அவர் ஆடிக்கொண்டு வருவார், இவரும் ஆடிக்கொண்டு வருவார், இருவரும் மோதிக்கொள்வார்கள். மோதியது யார் தவறு என்று வழக்கு தொடங்கும். அது ஆண் உயர்வா பெண் உயர்வா என்ற வாதமாக வளர்ந்து, பாட்டுக்குப் பாட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் என்று போட்டியாகி, பெரும்பாலும் காதலிலோ கல்யாணத்திலோ முடியும். இந்த வரைபடம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதனால்தான் அன்று மாலைதான் சந்தித்த இருவரும் கேட்பவர்களுக்குப் பழகிய ஜோடிபோலத் தோன்றுகிறார்கள்.

ஆர்மோனியக்காரரின் பங்கு என்ன?

இயக்குநர் இல்லை என்று மேலே சொன்னோம். அந்த இடத்தை உண்மையில் நிரப்புபவர் பின்பாட்டு என்று அழைக்கப்படும் ஆர்மோனியக்காரர்தான். இது இந்தப் பக்கத்தை எழுதுபவரின் கருத்து. ராஜபார்ட் நடிகர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய மேடைகளில் காலால் மிதித்து இயக்கும் பெட்டியே இருந்தது, அதனால் அவருக்கு இரண்டு கைகளும் கட்டைகளின்மேல் கிடைத்தன. நடிகர் பாடியதை அவர் தொடர்ந்து பாடி நடிகருக்கு மூச்சுவிட நேரம் தருகிறார். நடிகர் ராகத்தை விட்டு விலகினால் ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துத் திரும்ப அழைக்கிறார். வசனம் நீண்டு கூட்டம் நெளியத் தொடங்கினால், அடுத்த பாட்டின் தொடக்கத்தை மெல்ல வாசித்து, “போதும், பாட்டுக்கு வா” என்று வாய் திறக்காமல் சொல்கிறார்.

ஆண் நடிகரின் சுருதியும் பெண் நடிகரின் சுருதியும் வேறு. ஒருவர் நான்கு கட்டையில் பாடி முடிக்க, அடுத்தவர் ஐந்தரையில் எடுக்கலாம். தர்க்கக் காட்சியில் இது மாறி மாறி வரும். முன்கூட்டிச் சொல்லப்படாத பாடலை ஒருவர் திடீரென எடுத்தால், முதல் சொல்லிலேயே ராகத்தையும் கட்டையையும் கண்டுகொண்டு கையை மாற்ற வேண்டும். புகழ்பெற்ற நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு (1906–1933) அவருடைய அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். அத்தகைய வாய்ப்பு எல்லாப் பாடகர்களுக்கும் கிடைப்பதில்லை. இன்றைய பின்பாட்டுக்காரர் தினமும் புதிய குரலோடு போராடுகிறார்.

நகைச்சுவைப் பகுதியில் அவருக்கு வேறொரு வேலை. சிரிக்காமல் இருப்பது. “சரி”, “அப்புறம்?”, “யாரு?” என்று அவர் ஒட்டிக்கொடுக்கும் சொற்களில்தான் பபூனின் கதை நகர்கிறது. கேள்வியை அரை நொடி முன்னால் கேட்டுவிட்டால் வெடிக்க வேண்டிய வரி நமுத்துப்போகும்.

மிருதங்கமும் ஆல்ரவுண்டும் சிரிப்புக்கு எப்படி உதவுகின்றன?

மிருதங்கம் ஆட்டத்துக்கு நடையும் வசன முடிவுக்குத் தீர்மானமும் (முத்தாய்ப்பாக விழும் அடி) தருகிறது. ஆல்ரவுண்ட் என்பவர் டிரம், சிம்பல், மணி, விசில் ஆகியவற்றைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, அடி விழும்போது அடியின் ஓசையையும், கண்ணடிக்கும்போது ஒரு ‘டிங்’கையும் கொடுப்பவர். நடிகரின் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதால் அவர் ஒருபோதும் வேறெங்கும் திரும்ப மாட்டார். பபூன் வேண்டுமென்றே ஓங்கிய கையை அடிக்காமல் நிறுத்தினால், சிம்பலும் அந்தரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் ஒலித்துவிட்டால் பபூன் அவரையே வம்புக்கு இழுத்து அதிலிருந்து ஐந்து நிமிடச் சிரிப்பை எடுத்துவிடுவார்.

தர்க்கம் என்றால் என்ன? அது உண்மையான போட்டியா?

‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்தில் காவல் இருக்கும் வள்ளியோடு முதலில் நாரதரும் பின்னர் வேடனாக வரும் முருகனும் வாதிடுகிறார்கள். கேள்விக்கு விடை, விடைக்கு எதிர்க்கேள்வி, நடுவே ஆதாரமாக ஒரு பாடல் என்று இது போகும். இலக்கணம், புராணம், சித்தர் பாடல், விடுகதை, இல்லறமா துறவறமா என்று பொருள் எதுவாகவும் இருக்கலாம். கதைப்படி வெல்ல வேண்டியவர் யார் என்பது தெரிந்ததே. ஆனால் அந்த வாதத்தில் யார் வாய் அடைத்துப்போகிறார் என்பது முன்கூட்டி முடிவு செய்யப்பட்டதன்று. நாரதர் எதிர்பாராத ஒரு செய்யுளை எடுத்துப் போட்டு வள்ளி நடிகையைத் திணற அடிப்பதும், அவர் அதே செய்யுளின் அடுத்த அடியைப் பாடி நாரதரை மடக்குவதும் நடக்கும். கேட்டுப் பழகிய ஊர்களில் விசில் எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை வைத்தே அடுத்த ஆண்டுக்கு யாரை அழைப்பது என்று முடிவாகிறது.

1926இல் இலங்கையில் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முதன்முதலில் சேர்ந்து நடித்தபோது, கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு முன் சுந்தராம்பாள் தாக்குப்பிடிப்பாரா என்றுதான் ரசிகர்கள் பேசினார்களாம். ஈடுகொடுத்தார் என்பது ஊரறிந்தது. ஒலிபெருக்கி பரவாத அந்நாளில் கடைசி வரிசைவரை கேட்கப் பாட வேண்டியிருந்ததால், உச்சக் கட்டையே புகழுக்கு வழியாக இருந்தது.

மேடையில் அரசியல் பேசலாமா?

இந்த மேடை அரசியல் பேசாமல் இருந்த காலமே குறைவு. சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸ் (1886–1940) ‘வள்ளி திருமண’த்தில் முருகனாக நடித்தபடியே வெள்ளையராட்சியைக் கண்டித்துப் பாடினார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் சூழலில் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று அவர் பாடினால், வெள்ளைக் கொக்கு எது என்று எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அரசுக்குத் தடை அதிகாரம் தந்திருந்தது. ஆயினும் கதையும் பாத்திரமும் அனுமதிக்கப்பட்டவையாக இருக்க, நடுவில் முளைக்கும் ஒரு பாட்டை முன்கூட்டித் தடுப்பது எளிதாக இல்லை. அவர் பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. நாடகம் பார்க்க மதுரைப் பக்கம் வருபவர்கள் பகல் பொழுதில் போய்ப் பார்க்கலாம்.

இன்றைய பபூன்கள் கட்சிப் பெயர்களைத் தவிர்த்து விலைவாசியைப் பேசுகிறார்கள். விழாக்குழுவில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரட்டை அர்த்தப் பேச்சு அதிகம் என்கிறார்களே?

அதிகம்தான், மறைப்பதில் பொருளில்லை. முன்னிரவில் இளைஞர் கூட்டத்தைப் பிடித்து வைக்கும் பொறுப்பு நகைச்சுவைக்கே விடப்பட்டிருப்பதால், எளிதில் சிரிப்பு வரும் வழியில் பலர் போகிறார்கள். ஆனால் இதன் பழி சமமாகப் பங்கிடப்படுவதில்லை. பேசுபவர் பெரும்பாலும் பபூன். கெட்ட பெயர் டான்ஸ் நடிகைக்கு. மேடையில் அவர் பாடும் பாட்டையும், பபூனை மடக்கும் பதிலையும் ரசித்த அதே ஊர், காலையில் பேருந்து நிறுத்தத்தில் அவரை வேறுவிதமாகப் பார்க்கிறது. பல நடிகைகள் ஒப்பனையைக் களைந்து, சாதாரணப் புடவையில், ஒருவரோடும் பேசாமல் புறப்பட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான். விழாக்குழுவினர் முன்கூட்டியே “இன்ன எல்லைக்குள் போதும்” என்று சொன்னால் கலைஞர்கள் கேட்கவே செய்கிறார்கள். அந்த எல்லைக்குள் நின்று சிரிக்கவைப்பது கடினம் என்பதும் உண்மை, முடியும் என்பதும் உண்மை.

ஒலிபெருக்கி விதிகளால் நாடகம் பாதிக்கப்பட்டுள்ளதா?

ஆம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்டிகை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. பத்து மணிக்குத் தொடங்குவதே மரபாக உள்ள ஒரு கலைக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காவல் நிலைய அனுமதி, அதற்கான நிபந்தனைகள், சில நேரங்களில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு என்று விழாக்குழுக்கள் அலைகின்றன. நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். மனப்பாடப் பாடலைச் சுருக்கிப் பாடலாம். சூடேறி வளர வேண்டிய வாதத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் அது வெறும் ஒப்பிப்பாகிவிடுகிறது.

வில்லுப்பாட்டு, லாவணி போன்றவையும் இதே வகையா?

உறவு உண்டு. வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போடும் குடக்காரரும், லாவணியில் மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று எதிரெதிராகப் பாடும் கட்சிகளும் அந்நேரக் கற்பனையையே நம்புகிறார்கள். அவை உட்கார்ந்து பாடுபவை. ஒரே குழுவினர் தொடர்ந்து சேர்ந்து நிகழ்த்துபவை.

எங்கள் ஊருக்கு நாடகம் வைக்க என்ன செய்ய வேண்டும்?

மதுரையில் நாடக நடிகர் சங்கம் நெடுங்காலமாக இயங்குகிறது. புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களிலும் சங்கங்கள் உண்டு. அங்கே அமைப்பாளர்கள் மூலம் கலைஞர்களைத் தனித்தனியே பேசி முன்பணம் கொடுக்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பெயர்பெற்ற நடிகர்களுக்கு ஓய்வுநாள் கிடைப்பதே அரிது என்பதால் தை மாதத்திலேயே போய்விடுவது நல்லது. பட்ஜெட்டைக் குறைக்க நினைப்பவர்கள் வழக்கமாகப் பக்கவாத்தியத்தில் கை வைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சுமாரான ராஜபார்ட்டை நல்ல ஆர்மோனியக்காரர் கரைசேர்த்துவிடுவார். நல்ல ராஜபார்ட்டைச் சுமாரான ஆர்மோனியம் மூழ்கடித்துவிடும்.

பார்க்க வருபவர்கள் எதைக் கவனிக்கலாம்?

கட்டணம் இல்லை, பாயும் குளிருக்கு ஒரு துண்டும் போதும். நோட்டீஸில் ஒவ்வொருவரின் படத்துக்குக் கீழும் ஊரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை ஊர்க்காரர்கள் ஒரே மேடையில் சேர்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் முகம் தெரியும் பக்கமாக உட்காருங்கள். நடிகர் புதிதாக ஏதேனும் சொல்லிவிட்டார் என்பதை அவர்கள் முகத்தில்தான் முதலில் காணலாம்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

நள்ளிரவுக்குப் பிறகான கதைக்குத் தயங்காமல் அழைத்து வரலாம். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்கு அன்றைய பபூன் யார் என்று விழாக்குழுவினரிடம் விசாரித்துக்கொள்வது நலம்.